விடாத இருமல்: சிரப்பை மாற்றும் முன்

கேள்வி: மூன்று வாரமாக இருமல், டாக்டர். மெடிக்கலில் இரண்டு சிரப் வாங்கிக் குடித்தும் கேட்கவில்லை. சாயந்திரமானால் உடம்பு லேசாகச் சுடுகிறது.

பதில்: நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சளியைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் முதலில் காசநோயா என்று பார்த்தாக வேண்டும். அங்கே பரிசோதனை, மருந்து இரண்டும் இலவசம். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளி வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் கிருமி இருந்தும் தெரியாமல் போகலாம்.

இன்னொன்று, கடையில் ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்காதீர்கள். லீவோஃப்ளாக்சசின் போன்றவை காசநோய்க் கிருமியையும் கொஞ்ச நாள் அடக்கி வைக்கும். இருமல் குறைந்த மாதிரி இருக்கும், நோய் உள்ளே வளரும். இப்படித் தாமதமாக வருபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசே ஆறுவதில்லை.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. நான்கு மாதமாக வறட்டு இருமல். எக்ஸ்ரே, சளி எல்லாம் நார்மல். பிரஷர் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறார்.

பதில்: மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். எனாலப்ரில், ராமிப்ரில் என்று ‘ப்ரில்’ போட்டு முடிகிறதா? அந்த வகை சிலருக்குத் தொண்டையில் அரிப்போடு இருமலைக் கிளப்பும். சாப்பிட ஆரம்பித்துப் பல மாதம் கழித்தும் வரும். நீங்களாக நிறுத்த வேண்டாம், பிரஷர் ஏறிவிடும். எழுதிக் கொடுத்தவரிடம் சொன்னால் டெல்மிசார்ட்டான் மாதிரி வேறொன்றுக்கு மாற்றுவார். மாற்றிய மறுநாளே நிற்காது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும்.

கேள்வி: பகலில் ஒன்றுமில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு இருமல் எழுப்பிவிடுகிறது. வீசிங் கிடையாது, ஆனாலும் இன்ஹேலர் எழுதியிருக்கிறார்கள். பழகிவிடுமா?

பதில்: பழகாது. வீசிங்கே இல்லாமல் இருமலாக மட்டும் வருகிற ஆஸ்துமாவும் உண்டு. மாத்திரையில் மருந்து மில்லிகிராம் கணக்கு, இன்ஹேலரில் மைக்ரோகிராம்தான், அதாவது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு. ஸ்பேசர் (இன்ஹேலர் முனையில் பொருத்தும் குழாய்) வைத்து இழுங்கள், அப்புறம் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். இருமல் நின்றதும் நீங்களாக விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: சாப்பிட்டுப் படுத்தால் இருமல், நெஞ்செரிச்சல்.

பதில்: படுக்கும்போது வயிற்று அமிலம் மேலே ஏறுவதால் இருக்கலாம். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வையுங்கள்.

கேள்வி: 25 வருடமாகப் பீடி. இருமல் எப்போதும் உள்ளதுதான். இப்போது சளியில் ரத்தக் கோடு தெரிகிறது.

பதில்: இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், ஐயா. சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே இரண்டும் வேண்டும், தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேனும் எடுப்பார்கள். காசநோயாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம், பார்க்காமல் சொல்ல முடியாது. ரத்தம் அதிகமாக வந்தாலோ மூச்சுத் திணறினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.