அந்த 40 நிமிடம் ஏன்?

கேள்வி: நானும் நண்பனும் ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கு கன்ட்ரோலர் செய்து விற்றோம். வயரிங், விற்பனை என் பொறுப்பு. புரோகிராம் முழுக்க அவன். 7 மாதம் முன்பு மாரடைப்பில் போய்விட்டான். அவன் எழுதியதைத் திறந்தால் ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் வற்றி மோட்டார் நின்றால் 40 நிமிடம் கழித்துத்தான் ஓடும். ஏன் 40 என்றுகூடத் தெரியாது. கையே ஓடவில்லை. ஏஐ கற்றுக்கொண்டால் அவன் இடத்தை நிரப்ப முடியுமா?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: கை ஓடாததற்கு உங்கள் திறமைக் குறைவு காரணமில்லை. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர்களின் 1996 முதல் 2012 வரையிலான வரி, காப்புரிமைப் பதிவுகளை வைத்து 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. கூட்டாளி அகாலமாக இறந்து 8 ஆண்டு ஆனபின்னும் மற்றவரின் வருமானம் 4 சதவீதம் குறைந்திருந்தது. பின்னால் வந்த காப்புரிமைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டின என்பதையும் கணக்கில் கொண்டு பார்த்தால், அவருடைய காப்புரிமைகள் 15 சதவீதம் குறைவு. நெருங்கிச் சேர்ந்து உழைத்தவர்களுக்குத்தான் அடி பலம்.

சரி, வேலைக்கு வருவோம். புரோகிராமைப் புதிதாக எழுதித் தரும்படி ஏஐயிடம் கேட்காதீர்கள். அவர் பட்டுத் தெரிந்துகொண்டதெல்லாம் அதில் போய்விடும். முதலில் ஒரு நகலைப் பத்திரப்படுத்துங்கள். அப்புறம் சின்னச் சின்னப் பகுதியாகக் கொடுத்து, வரிவரியாகத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். தண்ணீர் வற்றினால் மோட்டார் இழுக்கும் ஆம்பியர் குறையும். அதை எந்த வரி கவனிக்கிறது, எவ்வளவுக்குக் கீழே போனால் நிறுத்துகிறது என்று கேளுங்கள். ஏஐ தப்பாகவும் சொல்லும், அதையும் உறுதியாகவே சொல்லும். அதனால் ஒவ்வொரு பதிலையும் மேசையில் ஒரு போர்டை வைத்துச் சோதியுங்கள். வயரிங் தெரிந்த உங்களுக்கு அது கைவந்த வேலை.

கிணற்றில் தண்ணீர் ஊறத்தான் அந்த 40 நிமிட இடைவெளி. ஆனால் அது 30 ஆக இல்லாமல் ஏன் 40 ஆக இருக்கிறது என்பதை ஏஐ அறியாது. நீங்கள் விற்ற முதல் கன்ட்ரோலர்கள் போன தோட்டங்களுக்குப் போய்க் கேளுங்கள். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகள் இருந்தால், கேட்கும் தெம்பு வரும்போது கேளுங்கள்.

அவர் இடம் நிரம்பாது. “இது சரிவராதுடா” என்று முகத்துக்கு நேரே சொல்ல உங்களுக்கு ஓர் ஆள் வேண்டும். ஏஐ பெரும்பாலும் நீங்கள் சொன்னதற்கு ஒத்துப் போகும். புரோகிராம் தெரிந்த இளைஞர் ஒருவரை வாரம் ஒரு நாளாவது பட்டறைக்கு வரச் சொல்லுங்கள்.

40க்குக் காரணம் கிடைத்ததும், அந்த வரிக்குப் பக்கத்திலேயே அதை எழுதிவிடுங்கள். எந்தத் தோட்டம் என்பதையும், உங்கள் நண்பர் பெயரையும் சேர்த்து.