கியூபுக்கு 5,400 என்றார்கள், கணக்கு 7,700-இல் போய் நிற்கிறதே!

கேள்வி: புதுக்கடை பக்கத்தில் 6 சென்டில் வீடு கட்டுகிறோம். கணவர் சவூதியில் இருக்கிறார், வேலையைப் பார்ப்பது நான்தான். மேல்தளம் 1,080 சதுர அடி, 5 அங்குலக் கனம். மேஸ்திரி வழக்கம்போல மெஷின் வைத்துக் கலக்கி வார்த்துவிடலாம் என்கிறார். இன்ஜினியர் ரெடிமிக்ஸ், அதாவது கம்பெனியிலேயே கலந்து வண்டியில் வரும் காங்கிரீட், எடுக்கச் சொல்கிறார். எம்25 தரக் காங்கிரீட் கியூபுக்கு 5,400 ரூபாய், வரி தனி என்று கொட்டேஷன் வந்திருக்கிறது. பம்புக்கு 15,000, நாலு கியூபுக்குக் குறைந்த வண்டிக்கு 2,500 கூடுதல் என்று அதன் அடியில் எழுதியிருக்கிறார்கள். நான் 69,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். சிமென்ட் மூட்டை 400, எம்-சாண்ட் யூனிட் 7,000, முக்கால் ஜல்லி யூனிட் 5,500 என்று கடையில் சொன்னார்கள். மேஸ்திரிக்குக் கூலி ஒப்பந்தம் சதுர அடிக் கணக்கில், வார்ப்பு வேலையும் அதற்குள் அடக்கம். கம்பி வாங்கியாகிவிட்டது. கையில் 1,40,000 இருக்கிறது. தளம் முடிந்தால்தான் வங்கி அடுத்த தவணை தரும். 2 லட்சம் சீட்டு ஒன்று ஓடுகிறது, அதைத் தள்ளி எடுக்கலாமா? எது லாபம் சார்?

பதில்: சகோதரி, முதலில் அந்த 69,000 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1,080 சதுர அடியை 5 அங்குலத்தால், அதாவது 5/12 அடியால், பெருக்கினால் 450 கன அடி. ஒரு கன மீட்டர், அதாவது அவர்கள் சொல்லும் ஒரு கியூப், 35.3 கன அடி. ஆக 12.75 கியூப். அதை 5,400-ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். பெருக்கலில் தப்பில்லை. ஆனால் பீமை விட்டுவிட்டீர்கள், வரியை விட்டுவிட்டீர்கள், பம்பை விட்டுவிட்டீர்கள்.

இன்ஜினியரிடம் படத்தை வாங்கி, தளத்துக்குக் கீழே தொங்கும் பீம்களின் மொத்த நீளத்தைக் கேளுங்கள். உங்கள் அளவு வீட்டுக்கு 150 அடி என்று வைத்து, தளத்துக்குக் கீழே 9 அங்குல அகலம், 9 அங்குல ஆழம் என்று போட்டால் இன்னொரு 84 கன அடி. தளத்தோடு சேர்த்து 15.1 கியூப். சிந்துவது, பம்பு பைப்பில் தங்குவது என்று நூற்றுக்கு மூன்று சேர்த்தால் 15.5 கியூப். ரெடிமிக்ஸுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், ஆக 5,400 என்பது 6,372 ஆகிறது. காங்கிரீட்டுக்கு மட்டும் 98,766 ரூபாய். பம்பு வரியோடு 17,700. வண்டி ஒன்றுக்கு 6 கியூப் என்றால் உங்களுக்கு 6, 6, 3.5 என்று மூன்று நடை. கடைசி நடை நாலுக்குக் குறைவு, அதற்கு வரியோடு 2,950. கூட்டினால் 1,19,416. கியூபுக்கு ஏறக்குறைய 7,700 ரூபாய். கொட்டேஷனின் முதல் வரியைப் பார்த்துப் பணம் ஒதுக்கினால் தளம் போடும் அன்று 50,000 ரூபாய்க்கு அக்கம்பக்கத்தில் கை நீட்ட வேண்டியிருக்கும்.

இனி மேஸ்திரி சொல்லும் வழி. சிமென்ட், சாண்ட், ஜல்லி ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற கலவையில் ஒரு கியூபுக்கு 8 மூட்டை சிமென்ட், 15 கன அடி எம்-சாண்ட், 30 கன அடி ஜல்லி போகும். யூனிட் என்பது 100 கன அடி. 15.1 கியூபுக்கு 121 மூட்டை, சாண்ட் 2.3 யூனிட், ஜல்லி 4.5 யூனிட். உங்கள் கடை விலையில் 48,400, 16,100, 24,750. சேதாரம் சேர்த்து சுமார் 92,000 ரூபாய். ரெடிமிக்ஸைவிட 27,500 குறைவு. மேஸ்திரி சொல்வதுதான் சரி என்று தோன்றுகிறது, இல்லையா?

இங்கேதான் உங்கள் கூலி ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். வார்ப்பு வேலையும் அதற்குள் அடக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். சைட்டில் கலக்கினால் மிக்ஸர், லிஃப்ட், சட்டி சுமக்க ஆட்கள், அவர்களுக்குச் சாப்பாடு எல்லாம் மேஸ்திரியின் செலவு. 24,000 ரூபாய் என்று வைப்போம், அவரிடமே கேட்டால் சரியான தொகையைச் சொல்வார். ரெடிமிக்ஸ் வந்தால் பரப்பி, வைப்ரேட்டர் போட்டு, மட்டம் பிடிக்க 6 ஆள் போதும், 6,600 ரூபாயில் முடிந்துவிடும். மிச்சம் 17,400 யார் பைக்குள் போகிறது? நீங்கள் கேட்காவிட்டால் மேஸ்திரி பைக்குள். அவர் மேல் குற்றமில்லை, ஒப்பந்தம் போட்ட நாளில் யாரும் அதைப் பேசவில்லை. கலக்கும் கூலியை ஒரு முறை சதுர அடிக் கணக்கில் அவருக்குக் கொடுத்துவிட்டு, அதையே ரெடிமிக்ஸ் கம்பெனிக்கும் இன்னொரு முறை கொடுக்கிறீர்கள். ரெடிமிக்ஸ் விலை அதிகம் என்று நம் ஊரில் புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு நடப்பது இதுதான்.

ஆகவே இன்றைக்கே மேஸ்திரியோடு உட்கார்ந்து பேசுங்கள். 15,000 ரூபாயாவது கழிக்கச் சொல்லுங்கள். ஒத்துக்கொண்டால் இரண்டு வழிக்கும் வித்தியாசம் 12,500 தான், ரெடிமிக்ஸ் எடுங்கள். இந்த 12,500-க்கு என்ன கிடைக்கிறது என்பதையும் சொல்கிறேன். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற நாமினல் கலவை, அதாவது வழக்கமான விகிதத்தில் போடுவது, எம்20 வரைக்கும்தான். எம் பக்கத்து எண் கூடக் கூடக் காங்கிரீட்டுக்குப் பலம் அதிகம். கடலோரப் பகுதியில் உப்புக்காற்று நேராக அடிக்காத, மறைவான இடத்துக்கே காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 எம்25 கேட்கிறது, கடற்காற்று நேராகப் படும் இடத்துக்கு எம்30. தேங்காய்ப்பட்டணம் கடல் உங்களுக்கு எவ்வளவு பக்கம் என்பது உங்களுக்கே தெரியும். இந்த இரண்டில் உங்கள் வீடு எதில் வரும் என்று இன்ஜினியரிடம் எழுத்தில் வாங்குங்கள். எம்30 என்றால் அதற்கு வேறு விலை கேட்டு, மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் போட வேண்டும். மொத்தத்தில் நீங்கள் ஒப்பிட்டுக்கொண்டிருப்பது எம்20-ஐயும் எம்25-ஐயும். ஆட்டுக்கறி விலையையும் கோழிக்கறி விலையையும் வைத்து எது மலிவு என்று கேட்பதுபோல.

ஒரு ரூபாய்கூடக் கழிக்க மாட்டேன் என்று மேஸ்திரி நின்றால், எம்25-க்கு இன்ஜினியர் டிசைன் மிக்ஸ், அதாவது அந்தப் பலத்துக்கென்று கணக்கிட்ட கலவை அளவு, எழுதித் தரட்டும், அவர் முன்னால் நின்று அளந்து போடும்படி சைட்டிலேயே கலக்குங்கள். 27,500 கூடக் கொடுத்து எடுக்கும் அளவுக்கு உங்கள் கை இப்போது தாராளமாக இல்லை. தூண், லிண்டல் மாதிரி ஒன்று ஒன்றரை கியூப் வேலைக்கு ரெடிமிக்ஸ் நினைப்பே வேண்டாம், வண்டி வாடகையே தின்றுவிடும்.

இடையில் ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்டுக்கு வரி 28-இல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய எஸ்டிமேட் ஏதாவது உங்கள் கையில் இருந்தால் அந்தச் சிமென்ட் விலையை நம்ப வேண்டாம். ரெடிமிக்ஸ் கம்பெனிக்காரர்கள் சிமென்டுக்குக் கட்டும் வரியைத் தாங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் முன்பும் கழித்துக்கொண்டுதான் இருந்தார்கள், அதனால் அந்தக் குறைப்பால் மிச்சம் காண்பது மூட்டையாக வாங்கும் நம்மைப் போன்றவர்கள்தான். பில் இல்லாமல் தருகிறேன், வரி வேண்டாம் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். வங்கிக்குக் காட்ட உங்களுக்கு அந்தப் பில் வேண்டும்.

வண்டியைப் பற்றி. 6 கியூப் காங்கிரீட் மட்டுமே 14 டன்னுக்கு மேல், கியூபுக்கு 2.4 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் எடை தனி. உங்கள் வழியில் சானலுக்கு, அதாவது கால்வாய்க்கு மேல் சின்னப் பாலம் ஏதும் இருந்தால் கம்பெனி ஆளை முன்கூட்டியே வந்து பார்க்கச் சொல்லுங்கள். ரோட்டிலேயே நிறுத்திப் பைப் போட வேண்டும் என்றால் பைப்பின் நீளத்துக்குத் தனிக் காசு உண்டா என்று கேளுங்கள். வண்டி எவ்வளவு நேரம் இலவசமாக நிற்கும், அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு என்பது உங்கள் கொட்டேஷனில் இல்லை, எழுதி வாங்குங்கள். அளவில் சந்தேகம் இருந்தால் ஒரு வண்டியை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள், நிறையோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை. நீங்கள் எடை போடுவீர்கள் என்று முதலிலேயே தெரிந்தால் வண்டி அளவோடுதான் வரும்.

கடைசி வண்டியில்தான் என் சொந்தக் காசு போனது. எங்கள் வீட்டுத் தளத்துக்கு அரை கியூப் குறைந்துவிட்டது. அந்த அரை கியூபுக்கு ஒரு வண்டி வாடகை முழுதாகக் கட்டினேன், அதுவும் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தது. ஆகவே மூன்றாவது வண்டியின் அளவை இப்போதே சொல்லிவிடாதீர்கள். இரண்டாவது வண்டி பாதி இறங்கும்போது மிச்ச இடத்தை டேப் வைத்து அளந்து, அப்புறம் போனில் சொல்லுங்கள். இதற்குக் கம்பெனி சம்மதிக்குமா என்று ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டு வையுங்கள். அதைவிட முக்கியம் சென்ட்ரிங், அதாவது வார்ப்பைத் தாங்கும் பலகையின் மட்டம். தளம் முழுக்க அரை அங்குலம் கூடிப்போனால் 45 கன அடி, அதாவது 1.27 கியூப், 8,000 ரூபாய்க்கு மேல். முந்தின நாள் சாயங்காலம் நூல் கட்டிப் பார்க்க அரை மணி நேரம் போதும்.

மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நம் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. கலந்து புறப்பட்ட வண்டியைத் திருப்பி அனுப்பினாலும் காசு காசுதான். காலை முதல் வண்டியாகக் கேளுங்கள், தார்ப்பாய் வாடகைக்கு எடுத்து வையுங்கள். குழம்பு கட்டியாக இருக்கிறது என்று வேலைக்காரர்கள் டிரைவரிடம் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். விடாதீர்கள். எம்25-க்குக் கொடுத்த காசு அந்த பக்கெட்டோடு போய்விடும்.

இனி பணம். வார்ப்பு வாரத்தில் உங்களுக்கு வேண்டியது: காங்கிரீட் 1,19,000, மேஸ்திரிக்குத் தளத் தவணை 60,000 என்று வைப்போம், அதில் அந்த 15,000 கழித்து 45,000, ஒயரிங் பைப்புக்கு 10,000, எதிர்பாராததுக்கு 12,000. கூட்டினால் 1,86,000. கையில் 1,40,000. துண்டு விழுவது 46,000.

இதற்காகச் சீட்டைத் தொடாதீர்கள். 2 லட்சம் சீட்டை அவசரத்துக்கு 40,000 தள்ளி எடுத்தால் அந்த 40,000 திரும்பி வராது. வங்கியில் நகையை வைத்து 50,000 எடுங்கள். ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்றாலும் 45 நாளுக்கு 620 ரூபாய்க்குள் முடியும். வங்கித் தவணை கைக்கு வந்த அன்றே நகையைத் திருப்புங்கள், கணவர் அனுப்பும் பணத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். வீட்டு வேலை நடக்கும்போது மாதாமாதம் வரும் பணத்துக்கு ஆயிரம் வாய்.

அந்த 45 நாளை நீட்டாமல் இருப்பது உங்கள் கையில்தான். வங்கியின் இன்ஜினியர் வந்து பார்த்த பிறகுதான் தவணை வரும். சென்ட்ரிங் பிரிக்கும் வரை காத்திருக்காமல், வார்த்த மறுநாளே காங்கிரீட் பில், தளத்தின் போட்டோ இரண்டையும் வைத்து விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். அன்றிலிருந்து தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். ரெடிமிக்ஸில் பெரும்பாலும் ஃபிளை ஆஷ், அதாவது நிலக்கரிச் சாம்பல், சேர்ப்பார்கள், அதனால் 7 நாள் போதாது, 10 நாளாவது நிற்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர்தானே, மோட்டார் கரண்டைத் தவிர செலவில்லை.