தலைக்கு 1,036 ரூபாய்

வாசகர் கேள்வி – பதில்

பணக்காரர்களின் கொடை பற்றிச் சேலம், ஏற்காடு பக்கத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். பதில் சொல்பவர்கள் ஒரு வரி ஆலோசகரும், அறக்கட்டளைக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஒருவரும்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை வாசகர்): ஆயிரக்கணக்கான கோடி வைத்திருப்பவர்கள் அதை ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டால் வறுமையே இருக்காதே. அவர்களைக் கட்டாயம் கொடுக்க வைக்க வேண்டாமா?

கொடுக்கத்தான் வேண்டும். ரோடு, கரண்ட், சர்க்கார் செலவில் படித்த ஆட்கள் எல்லாம் இல்லாமல் எந்தக் கம்பெனியும் வளர்வதில்லை. ஆனால் ‘பிரித்துக் கொடுப்பது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கொஞ்சம் வகுத்துப் பார்ப்போம்.

விப்ரோ சாஃப்ட்வேர் கம்பெனியின் அசிம் பிரேம்ஜி 2019 மார்ச்சில் அறிவித்த கொடை, அதற்கு முன்பு தந்ததும் சேர்த்து, அன்றைய மதிப்பில் சுமார் 1,45,000 கோடி ரூபாய். இந்தியாவில் தனிமனிதர்கள் தந்ததில் மிகப் பெரியவற்றில் ஒன்று. அதை 140 கோடிப் பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் தலைக்கு 1,036 ரூபாய் வரும். அதுவும் ஒரே ஒரு தடவை. ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கினாலும் சில ஆயிரம்தான். ரேஷன் கடை வரிசை ஒரு நாள்கூடக் குறையாது.

அவரும் ரூபாயாக எடுத்துக் கொடுக்கவில்லை. கம்பெனியில் 67 சதவீதப் பங்குகளிலிருந்து வரும் ஈவுத்தொகை முதலான பலன்களை அறக்கட்டளைக்கு ஒதுக்கிவிட்டார். பெரும்பணக்காரர் சொத்து பீரோவில் கட்டுக்கட்டாக இருப்பதில்லை, பங்குகளாக இருக்கிறது. அத்தனையையும் ஒரே வாரத்தில் விற்கப் போனால் விலை சரியும், காகிதத்தில் இருந்த கோடியில் பாதி காணாமல் போகும். பங்கை வைத்துக்கொண்டு அதன் வருமானத்தைக் கொடுத்தால் வருடா வருடம் வந்துகொண்டே இருக்கும். மரத்தை வெட்டி விறகாகப் பங்கிடுவதா, காயைப் பறித்துக் கொடுப்பதா என்பதுதான் வித்தியாசம்.

அந்த வருமானம் எங்கே போகிறது என்பதற்கு ஓர் உதாரணம் முட்டை. கர்நாடகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு வாரம் இரண்டு நாள் முட்டை கொடுத்துவந்தது. மீதி நான்கு நாளுக்கும் கொடுக்க அதே அறக்கட்டளை 2024 ஜூலையில் ஒப்பந்தம் போட்டது. மூன்று வருடத்துக்குச் சுமார் 1,500 கோடி ரூபாய். நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் நாலாவது வருடம்? ஒப்பந்தம் நீளலாம், நீளாமலும் போகலாம். தமிழ்நாட்டில் பக்கத்து நாமக்கல் முட்டை வாரம் ஐந்து நாள் சத்துணவுத் தட்டில் விழுவது வரிப்பணத்தில். இங்கே யாருடைய தயவையும் பார்க்க வேண்டியதில்லை. கோடீஸ்வரர் கொடை முன்னோட்டம் பார்க்கவும் இடைவெளியை அடைக்கவும் உதவும். தினச் சோற்றுக்கு அதை நம்பக் கூடாது என்பது எங்கள் கருத்து.

கேள்வி (சூரமங்கலம் வாசகி): பாதிச் சொத்தைத் தருவதாக உலகப் பணக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்களே, அது என்ன ஆயிற்று?

பில் கேட்ஸ், மெலிண்டா, வாரன் பஃபெட் மூவரும் 2010-ல் தொடங்கிய வாக்குறுதி அது. பாதிக்கு மேல் தருகிறேன், உயிரோடு இருக்கும்போதோ உயில் வழியாகவோ. சட்டக் கட்டுப்பாடு கிடையாது. தராவிட்டால் கேட்க ஆளில்லை.

இதில் ‘உயில் வழியாக’ என்பதைக் கவனியுங்கள். பச்சையப்ப முதலியார் 1794-ல் தர்மத்துக்கு உயில் எழுதிவைத்து, சில நாளில் காலமானார். பணம் வழக்கில் மாட்டிக்கொண்டது. அவர் பெயரில் பள்ளிக்கூடம் திறந்தது 1842-ல். நாற்பத்தெட்டு வருடம்! கையால் கொடுப்பதுதான் கொடை. உயிலில் கொடுத்தால் பாதி வக்கீலுக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி (அஸ்தம்பட்டி வாசகர்): தானாகக் கொடுக்காவிட்டால் சொத்து வரி போட்டு வாங்கலாமே?

போட்டுப் பார்த்தாயிற்று. நீங்கள் மாநகராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி வேறு, இது வேறு. 1957-ல் வந்த மத்திய செல்வ வரி, கடைசிக் காலத்தில் 30 லட்ச ரூபாய்க்கு மேல் உள்ள சொத்துக்கு 1 சதவீதம். 2013–14-ல் நாடு முழுவதும் சேர்ந்து வசூலானது 1,008 கோடிதான். 2015 பட்ஜெட்டில் எடுத்துவிட்டு, வருடம் ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்குக் கூடுதலாக 2 சதவீத சர்சார்ஜ் (வரிக்கு மேல் வரி) போட்டார்கள்.

ஏன் அவ்வளவு கம்மி? 1990-களின் தொடக்கத்திலேயே பங்கு, கடன் பத்திரம், வங்கி டெபாசிட் எல்லாவற்றையும் அந்த வரியிலிருந்து விலக்கிவிட்டார்கள். மிஞ்சியது நகை, கார், காலி மனை மாதிரிச் சமாச்சாரங்கள். பெரிய மீன் போகிற இடத்தில் வலையே இல்லை. தகப்பன் சொத்து பிள்ளைக்கு வரும்போது வாங்கிய வரியும் 1985-ல் போய்விட்டது. மறுபடி கொண்டுவந்தால் வரம்பைப் பல கோடிக்கு உயர்த்தி, பங்குகளைக் கட்டாயம் உள்ளே சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய கதைதான்.

கேள்வி (சிவதாபுரம் வாசகர், கொலுசுப் பட்டறைத் தொழிலாளி): முதலாளி கோயிலுக்கு லட்ச லட்சமாக எழுதுகிறார். எங்களுக்குக் கூலி ஏறவில்லை. இதுவும் தர்மமா?

கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் கொடுப்பது தர்மக் கணக்கில் வராது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டு, இருபது பேர் என்றால் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) உண்டு. மாதக் கூலி 12,000 ரூபாய் என்றால் இஎஸ்ஐக்கு முதலாளி பங்கு 390 ரூபாய் (3.25 சதவீதம்), உங்கள் பங்கு 90 ரூபாய் (0.75 சதவீதம்). குடும்பத்துக்கே வைத்தியம். அந்த 390 ரூபாய்க்குப் பயந்துதான் வேலையைத் துண்டு துண்டாக வீடுகளுக்குப் பிரித்து, எந்தப் பட்டறையிலும் பத்துப் பேர் இல்லாதபடி பார்த்துக்கொள்வது. பொடி வைத்துப் பற்றவைப்பது ஒரு வீடு, மெருகு ஒரு வீடு என்று போனால் எண்ணிக்கை எங்கே ஏறும்? எழுத்தில் ஏதாவது வாங்கி வையுங்கள்: எடை போட்டுக் கொடுத்த சீட்டு, கூலி போட்ட வங்கிக் கணக்கு. ‘இவரிடம்தான் வேலை செய்கிறேன்’ என்று நிரூபிக்க அதுதான் சாட்சி.

கேள்வி (ஏற்காடு வாசகி): எங்கள் மலைக்கிராமப் பள்ளியில் 60 பிள்ளைகள். குடிநீர் இயந்திரம் வேண்டும். பக்கத்தில் பெரிய எஸ்டேட், கீழே சேலத்தில் ஒரு கம்பெனி. யாரிடம், எப்படிக் கேட்பது?

எஸ்டேட் விஷயத்தில் ஒன்று. ஐந்து ஹெக்டேருக்குக் குறையாமல், பதினைந்து பேராவது வேலை செய்யும் தோட்டத்தில் தொழிலாளர்களுக்கு நல்ல குடிநீர், கழிப்பறை, வீடு, வைத்தியம் எல்லாம் முதலாளியின் கடமை என்று 1951 தோட்டத் தொழிலாளர் சட்டமே சொல்லியது. லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) குழாயைத் ‘தானம்’ என்று கல்வெட்டு வைத்தால் நம்பாதீர்கள். பள்ளிக்குக் கேட்பது மட்டும்தான் நன்கொடை.

கம்பெனிக்கு சிஎஸ்ஆர் (லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவழிக்கும்) பொறுப்பு உண்டா என்று பாருங்கள். முந்தைய வருடம் நிகர லாபம் 5 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர மதிப்பு 500 கோடி, இதில் ஒன்று இருந்தால் போதும். கடைசி மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழித்தாக வேண்டும். சராசரி 6 கோடி என்றால் 12 லட்சம். தாங்கள் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது. அதைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் போங்கள். மார்ச்சில் போனால் அவசரத்தில் ஏதோ ஒன்றை வாங்கி இறக்கிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள்.

எந்த இயந்திரம் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் சில நூறு ரூபாய் டிடிஎஸ் மீட்டர் போதும். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் உப்புக்காக ஆர்ஓ (சவ்வு வழியாக உப்பை நீக்கும் இயந்திரம்) தேவையில்லை. மலை ஊற்றுத் தண்ணீரில் உப்பு பெரும்பாலும் குறைவு. அங்கே பிரச்சினை கிருமி. அதற்கு வடிகட்டியோடு யுவி (புற ஊதா) விளக்கு போதும். ஆளுக்கு 2 லிட்டர் என்றால் 60 பிள்ளைகளுக்கு 120 லிட்டர். சிறிய ஆர்ஓ ஒரு லிட்டர் தருவதற்கு 2, 3 லிட்டரைக் கழித்துவிடும். அதாவது தினம் 240 முதல் 360 லிட்டர் சாக்கடைக்கு. மேலே சித்திரை, வைகாசியில் குடத்துக்கு அலையும்போது இது பாவம். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கிருமிச் சோதனையும் செய்து, அந்தத் தாளைக் கடிதத்தோடு இணையுங்கள்.

கடிதத்தோடு பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், தலைமையாசிரியர் கையெழுத்து, மூன்று விலைப்புள்ளி. 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ வழியாகவும் கேட்கலாம். விலைப்புள்ளியில் ஸ்டெபிலைசரும் தொட்டிக்கு இரும்புக் கூண்டும் சேர்த்தே வாங்குங்கள். மலையில் மின்னழுத்தம் இறங்கி ஏறும், குரங்கு மூடியைத் திறந்து குளிக்கும்.

அப்புறம் பராமரிப்பு. யுவி விளக்கு ஓயாமல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு வருடம்தான். அப்புறமும் நீலமாக எரியும், ஆனால் கிருமி சாகாது. அதனால் யாரும் மாற்ற மாட்டார்கள். வட்டியில் பராமரிக்க மூலதனமாக வைத்துக்கொள்கிறோம் என்று கம்பெனியிடம் கேட்காதீர்கள். மூலநிதிக்குக் கொடுப்பது சிஎஸ்ஆர் கணக்கில் சேராது. பதிலாக மூன்று வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தைத் திட்டத்துக்குள்ளேயே எழுதச் சொல்லுங்கள். மூலநிதியை எஸ்டேட்காரரிடம் தனிநபர் நன்கொடையாகக் கேளுங்கள். ஒரு லட்சம் நிரந்தர வைப்பில் 6 சதவீதம் என்றால் வருடம் 6,000 வரும். விளக்குக்கும் வடிகட்டிக்கும் அதில் ஒப்பேற்றலாம்.

கேள்வி (கன்னங்குறிச்சி வாசகர்): நாங்கள் கோடீஸ்வரர் இல்லை. வருடம் ஐயாயிரம் தருகிறோம். வரிச் சலுகை கிடைக்குமா?

மூக்கனேரியைத் தூர்வார ஊர்க்காரர்கள் பணம் போட்ட வட்டாரம் உங்களுடையது, சின்னத் தொகை என்று கூச வேண்டாம். பழைய வரிமுறையில் இருந்தால், 80ஜி என்று பழகிய நன்கொடைக் கழிவு உண்டு, புதிய முறையில் இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. அரிசி, துணியாகக் கொடுத்தாலும் கிடையாது. பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுத்ததில் 50 சதவீதம், முதலமைச்சர் நிவாரண நிதிக்கு 100 சதவீதம் வருமானத்தில் கழியும். வெறும் ரசீது போதாது. அறக்கட்டளை உங்கள் பான் எண்ணோடு வரித்துறைக்குக் கணக்குக் காட்டி, அங்கிருந்து எடுக்கும் சான்றிதழ் வேண்டும். அதற்குக் கெடு மே 31. ஜூன் முதல் வாரம் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.