ஐட்யூன்ஸ் பாட்டு சின்ன பிளேயரில் வரவில்லை என்றவருக்கு

ஆப்பிளின் பாட்டு மென்பொருளான ஐட்யூன்ஸில் இருக்கிற பாட்டை இழுத்துப் போட்டால் காப்பி ஆகிறது, பிளேயரில் பெயரே காட்டவில்லை என்கிறீர்கள். கேபிளை மாற்றி காசை வீணாக்காதீர்கள், அதில் ஒன்றும் கோளாறு இல்லை. நீங்கள் சொல்கிற பிளேயருக்குத் தெரிந்த பாட்டு ஃபைல் வகைகள் எம்பி3யும் டபிள்யூஎம்ஏவும்தான், ஐட்யூன்ஸ் வைத்திருப்பதோ ஏஏசி என்ற வேறு வகை. முதலில் ஃபைல் பெயரின் கடைசியைப் பாருங்கள். எம்4ஏ என்று இருந்தால் வேலை சுலபம்: ஐட்யூன்ஸின் பிரிஃபரன்ஸில் இம்போர்ட் செட்டிங்ஸ் போய் எம்பி3 என்கோடர் என்று மாற்றிவிட்டு, பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, ஃபைல் மெனுவில் கன்வர்ட் கொடுங்கள். பழையது அப்படியே இருக்கும், பக்கத்திலேயே அதே பெயரில் புதியது வந்து உட்காரும். நான் முதல் தடவை செய்தபோது ராத்திரி முழுக்க மாற்றிவிட்டு, காலையில் பழையதையே மறுபடி காப்பி செய்து பஸ்ஸில் உட்கார்ந்து திட்டிக்கொண்டு போனேன், அதனால் ஃபைல் வகையைக் காட்டும் கைண்ட் என்ற பத்தியை வைத்து வரிசைப்படுத்திப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எம்4பி என்றிருந்தால் அது காப்புரிமைக்காகப் பூட்டுப் போட்ட பாட்டு. 2009க்கு முன் ஐட்யூன்ஸ் கடையில் வாங்கிய பல பாட்டுகள் இப்படித்தான், கன்வர்ட் ஆகாது. ஆடியோ சிடியாக எழுதி, அதே சிடியிலிருந்து எம்பி3யாக எடுக்கலாம். ஒரு சிடியில் 80 நிமிடம்தான், ஒலித்தரமும் கொஞ்சம் குறையும், பஸ் சத்தத்தில் தெரியாது.

அப்புறம், தமிழில் பெயர் வைத்த பாட்டுகள் அந்தச் சின்னத் திரையில் கட்டம் கட்டமாக வந்தால் பயப்படாதீர்கள். பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். பாட்டு ஓடும்.