செவிலியர் ஆய்வுகளால் யாருக்காவது பயன் உண்டா, இல்லை பட்டத்துக்கான சடங்குதானா?

உண்டு என்பதுதான் என் பதில். ஆனால் நர்சிங் கல்லூரி நூலகத்தில் கறுப்பு அட்டையும் தங்க எழுத்துமாக அடுக்கி வைத்திருக்கும் ஆய்வேடுகளைப் பார்த்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அவற்றில் ஒன்று என்னுடையது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பி.எஸ்சி. நர்சிங் இறுதியாண்டில் இருப்பதாகவும், எம்.எஸ்சி. சேர்ந்தால் ஆய்வு செய்தாக வேண்டுமே என்று தயங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் வார்டில் காய்ச்சல், நாடி, மூச்சு மூன்றையும் குறிக்கும் டி.பி.ஆர். சார்ட் எழுதிப் பழகியிருப்பீர்கள். அடுத்த முறை மூச்சு எண்ணிக்கைக்கான கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். 20, 20, 20, 20. நடுவில் புதிதாக வந்த மாணவி யாராவது 22 என்று எழுதியிருப்பாள். காய்ச்சல் ஆளுக்கு ஆள் மாறுகிறது, நாடி மாறுகிறது, மூச்சு மட்டும் வார்டு முழுக்க ஒரே தாளத்தில் ஓடுகிறது!

காரணம் எளியது. வெப்பமானியை அக்குளில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடலாம். ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டினால் நாடியை அதுவே காட்டிவிடும். மூச்சை எண்ணுவதற்கு மட்டும் கட்டிலருகே நின்றாக வேண்டும். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி முழுதாக ஒரு நிமிடம். 38 பேர் படுத்திருக்கும் வார்டில் அதற்கே 38 நிமிடம் போய்விடும். ஒரு நோயாளிக்கு எல்லாவற்றையும் சேர்த்து ஐந்து நிமிடம் என்று வைத்தால் 190 நிமிடம். இதில் ஊசி, டிரிப், டிரெஸ்ஸிங், புது அட்மிஷன், காலை ஆபரேஷனுக்கு ஆளைத் தயார்செய்வது எதையும் நான் சேர்க்கவில்லை.

நானும் 20 எழுதியவள்தான். ஒரு தனியார் மருத்துவமனையின் ஆண்கள் அறுவைச் சிகிச்சை வார்டு, நைட் டியூட்டி. மூன்று பேர் இருக்க வேண்டியது. ஒருவரை இரவு பத்து மணிக்கே ஐ.சி.யூ.வுக்கு இழுத்துக்கொண்டார்கள். இருவராக 38 பேரைப் பார்த்தோம். குடல் அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்றாம் நாளில் இருந்த ஒரு பெரியவர், ஜன்னலோரக் கட்டில். அவருடைய மனைவி எக்ஸ்ரே உறையை மடித்து அவருக்கு விசிறிக்கொண்டே இருந்தார். விடியற்காலை நான்கு மணிக்கு நான் சார்ட்டோடு போனபோது, "சிஸ்டர், இவர் மூச்சு விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை" என்றார். ஆக்ஸிமீட்டர் ரத்தத்தில் ஆக்ஸிஜன் 95 சதவீதம் என்று காட்டியது. "வலியாக இருக்கும் அம்மா, காலையில் டாக்டர் வந்து பார்ப்பார்" என்று சொல்லிவிட்டு 20 என்று எழுதினேன். எழுதும்போது நான் அவருடைய நெஞ்சைப் பார்க்கவே இல்லை.

அரை மணி நேரத்தில் அந்த அம்மா மறுபடியும் வந்தார். இந்த முறை பேசவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். எண்ணினேன். 34.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். அது முழுக்க அவருடைய மனைவியின் சாமர்த்தியம். எனக்கு மறுநாளே விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதில் 'அலட்சியம்' என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது. தவறு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அன்றிரவு எத்தனை பேருக்கு எத்தனை பேர் இருந்தோம் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை. சொன்னால் சாக்குப்போக்கு போல இருக்கும் என்று நினைத்தேன்.

பல ஆண்டுகள் கழித்து மேற்படிப்புக்காகப் படிக்கும்போதுதான் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, அந்த 20-இன் மர்மம். பிரிட்டனின் மருத்துவர் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் ஓர் எச்சரிக்கை மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. நோயாளி மோசமாகிக்கொண்டு போவதை முன்கூட்டியே பிடிப்பதற்கானது; மதிப்பெண் கூடினால் ஆபத்தும் கூடுகிறது என்று பொருள். மூச்சு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருந்தால் மதிப்பெண் பூஜ்யம். 21-ஐத் தொட்டால் 2, 25 என்றால் 3. அதாவது, யாரையும் கூப்பிடத் தேவையில்லாத கடைசி எண் 20. இந்த அட்டவணையைக் கண்ணால் பார்க்காமலேயே நம் மூத்த சிஸ்டர்கள் அதைத் தேர்ந்து வைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. கூடவே கொஞ்சம் பயமும்.

இரண்டாவது, அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் லிண்டா எய்க்கனும் அவருடைய குழுவும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்கள், அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 2,32,342 நோயாளிகள். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், சேர்ந்த 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். சிக்கல் வந்த பிறகு காப்பாற்ற முடியாமல் போகும் வாய்ப்பும் அதே 7 சதவீதம் கூடுகிறது. சிக்கல் யாருக்கும் வரலாம். அதை யார் எப்போது கவனிக்கிறார்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது. என்னுடைய நான்கு மணி சார்ட் இந்த இரண்டாவது கணக்கில் வரும்.

இந்த ஆய்வைப் பற்றிப் பேசும் பலர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த வரி. அதே ஒரு கூடுதல் நோயாளியால், அந்தச் செவிலியர் பணிச்சோர்வில் விழும் வாய்ப்பு 23 சதவீதமும் வேலையில் அதிருப்தி கொள்ளும் வாய்ப்பு 15 சதவீதமும் கூடுகின்றன. நம் பாடத்திட்டத்தில் 'நோயாளி பராமரிப்பு' ஒரு பிரிவு, 'செவிலியர் நலன்' வேறொரு பிரிவு. வார்டில் இரண்டையும் தீர்மானிப்பது, யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று போடும் ஒரே ரோஸ்டர். 2014-இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துப் பார்த்தபோதும் இறப்புக்கு அதே 7 சதவீதம்தான் வந்தது.

'சிஸ்டர் எரிந்து விழுகிறார்', 'கல் நெஞ்சக்காரி' என்று நம்மைப் பற்றிச் சொல்வார்கள் அல்லவா? அதற்கும் ஆய்வு இருக்கிறது. நான் படித்ததிலேயே என்னை மிகவும் உலுக்கியது அதுதான். இசபெல் மென்சிஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் லண்டனில் ஒரு பெரிய மருத்துவமனையை ஆராய்ந்து 1960-இல் எழுதியது. மாணவிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் படிப்பை முடிக்காமலேயே போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு நோயாளியை ஒரு செவிலியர் முழுதாகப் பார்த்துக்கொள்ளாதபடி வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்திருந்தார்கள். நோயாளியைப் பெயர் சொல்லாமல் 'பத்தாம் கட்டில் கல்லீரல்' என்று சொன்னார்கள். வலியையும் சாவையும் நாள் முழுக்கப் பார்ப்பதால் வரும் பதைப்பிலிருந்து தப்பிக்க நிறுவனமே கட்டிக்கொண்ட சுவர் இது என்றார் மென்சிஸ். அந்தச் சுவர் பதைப்பைக் குறைக்கவில்லை, வேலையில் கிடைக்கும் நிறைவைத்தான் பறித்தது என்பதும் அவர் கண்டது. ஷிஃப்ட் மாறும்போது நம் ஹேண்டோவரில் 'பன்னிரண்டாம் பெட் ஹெர்னியா' என்று சொல்கிறோமே, யோசித்துப் பாருங்கள். நான் கவனிக்காமல் விட்ட பெரியவரின் பெயரை நான் தெரிந்துகொண்டது ஐ.சி.யூ.வுக்கு அனுப்பும் படிவத்தை நிரப்பும்போதுதான்.

அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-இல் பணிச்சோர்வை அளக்க ஓர் அளவுகோல் உருவாக்கினார். மனம் வற்றிப்போதல், எதிரில் இருப்பவரை ஆளாகவே பார்க்காமல் போதல், செய்த வேலையில் நிறைவு தோன்றாமல் போதல் ஆகிய மூன்றையும் அது அளக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வை நோய் என்று சொல்லாமல், பணியிடத்தோடு சேர்ந்த நிலை என்று வகைப்படுத்தியது. வேறுபாடு பெரியது. நோய் என்றால் செவிலியருக்கு மருந்து கொடுக்கலாம். பணியிடத்தின் கோளாறு என்றால் பணியிடத்தைத்தான் சரிசெய்தாக வேண்டும்.

சரிசெய்தார்களா என்று கேட்பீர்கள். கலிபோர்னியா 1999-இல் சட்டம் இயற்றி 2004-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பொது வார்டில் முதலில் ஆறு பேருக்கு ஒரு செவிலியர், பிறகு ஐந்துக்கு ஒருவர். அந்த ஐந்தைத் தள்ளிப்போட அப்போதைய ஆளுநர் முயன்றார். நடிகர் ஆர்னால்டு ஷ்வார்ஸ்நேகர்தான். செவிலியர் சங்கம் வீதிக்கும் நீதிமன்றத்துக்கும் போய்த் தடுத்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து 2016-இல் பகலில் நான்குக்கு ஒருவர், இரவில் ஏழுக்கு ஒருவர் என்று விதி செய்தது. அங்கே செய்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பியதிலும் திரும்பத் திரும்ப வந்து சேர்வது குறைந்ததிலும் மிச்சமான பணம், கூடுதல் செவிலியர்களுக்கு ஆன செலவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். நிர்வாகத்திடம் பேச நேர்ந்தால் இறப்பு விகிதத்தை விட்டுவிட்டு இதை முதலில் சொல்லுங்கள்.

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் சொல்வது மூன்று படுக்கைக்கு ஒரு செவிலியர், விடுப்புக்கென 30 சதவீதம் கூடுதல். கலிபோர்னியாவைவிடப் பிரமாதமாகத் தெரிகிறது அல்லவா? அது மொத்தப் பணியிடக் கணக்கு. மூன்று ஷிஃப்ட்டுக்கும் பங்கிட்டால் ஒரு ஷிஃப்ட்டில் ஒன்பது பேருக்கு ஒருவர். கலிபோர்னியாவின் ஐந்து, எந்த நேரத்திலும் ஐந்து. இந்தக் கணக்கை விளக்காமல் விகிதங்களை ஒப்பிடும் கட்டுரைகளைக் கண்டால் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள். ஊதியத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். 2015-இல் தமிழ்நாட்டில் தேர்வெழுதி 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்த செவிலியர்கள் 2017 நவம்பரில், சுகாதாரத் துறை அலுவலகங்கள் உள்ள சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டத்துக்கு உட்கார்ந்தது உங்களுக்கும் நினைவிருக்கலாம்.

இப்போது என்னுடைய ஆய்வேட்டுக்கு வருகிறேன். 'தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனையில் பணிபுரியும் செவிலியர்களிடையே மன அழுத்த மேலாண்மை குறித்த அறிவில், கட்டமைக்கப்பட்ட கற்பித்தல் திட்டத்தின் பயனை மதிப்பிடும் ஆய்வு.' மூச்சு வாங்குகிறதா? நம் ஆய்வேடுகளில் முக்கால்வாசி இதே அச்சில் வார்த்தவை. நோயின் பெயரும் ஊரின் பெயரும்தான் மாறும். 60 பேரைப் பிடிப்போம், கேள்வித்தாள் கொடுப்போம், ஒரு மணி நேரம் பாடம் நடத்துவோம், ஒரு வாரம் கழித்து அதே கேள்வித்தாளைக் கொடுப்போம். மதிப்பெண் கூடியிருக்கும். கூடாமல் என்ன செய்யும்? விடையைச் சொல்லிக்கொடுத்தவர்களே நாம்தானே. புள்ளியியல் பார்ப்பவருக்குப் பணம் கட்டி, பயன் உண்டு என்று நிரூபித்துவிடுவோம்.

நைட் முடித்துவிட்டு என் வகுப்புக்கு வந்த ஒரு மூத்த அக்கா, கேள்வித்தாளின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதித் தந்தார்: "எனக்கு மன அழுத்தம் என்றால் என்னவென்று தெரியும் தங்கச்சி. ரோஸ்டரில் இன்னும் ஒரு ஆள் போடச் சொல்." அந்தத் தாளை நான் முடிவுகளில் சேர்க்கவில்லை, சேர்க்க எந்த அட்டவணையிலும் இடம் இல்லை. இப்போதும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒவ்வொரு மே 12-ஆம் தேதியும் செவிலியர் தினம் என்று கேக் வெட்டி, யோகா வகுப்பு நடத்தி, எங்களை 'தேவதைகள்' என்று மேடையில் சொல்லும்போது அந்தத் தாள் ஞாபகத்துக்கு வரும். யோகாவில் எனக்குக் குறையில்லை. நைட் முடித்தவளை வீட்டுக்கு அனுப்பாமல் பாயில் உட்காரவைப்பதில்தான்.

பெரிய ஆய்வுகளையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். எய்க்கனின் ஆய்வு இரண்டு விஷயங்கள் சேர்ந்தே காணப்படுவதைக் காட்டுகிறது. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று நிரூபிக்க அந்த முறை போதாது. ஆள் நிறைய வைத்திருக்கும் மருத்துவமனையில் நல்ல கருவிகளும் இருக்கலாம் அல்லவா? விதி வருவதற்கு முன்னும் பின்னும் பார்த்த குயின்ஸ்லாந்து ஆய்வு அதனால்தான் எனக்குக் கூடுதல் மதிப்புள்ளதாகத் தெரிகிறது.

தலைப்பு எதை எடுக்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரே ஒரு வார்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்து டி.பி.ஆர். சார்ட்டுகளில் மூச்சுக் கட்டத்தில் எத்தனை 20 இருக்கிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில், அந்தந்த ஷிஃப்ட்டில் எத்தனை நோயாளிகள் என்பதை வார்டு சென்சஸிலிருந்தும், எத்தனை செவிலியர் என்பதை ரோஸ்டரிலிருந்தும் எடுத்து எழுதுங்கள். ரோஸ்டரில் பெயர் இருந்தும் வேறு வார்டுக்கு இழுக்கப்பட்டவர்களைக் கழிக்க மறக்காதீர்கள். பிறகு சில இரவுகள் கடிகாரத்தோடு போய் நீங்களே எண்ணி ஒப்பிடுங்கள். நர்சிங் கண்காணிப்பாளர் முதலில் முறைப்பார். எழுதிய செவிலியரின் பெயரும் வார்டின் பெயரும் எங்கும் வராது என்று எத்திக்ஸ் கமிட்டிக்குக் கொடுக்கும் விண்ணப்பத்திலேயே எழுதி, அதன் நகலோடு அவரிடம் போங்கள்.

எண்ணும்போது யாருக்காவது 25-க்கு மேல் வந்தால் நோட்டை மூடிவிட்டு டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள். அந்த நோயாளியை ஆய்வில் வைப்பதா நீக்குவதா என்பதை உங்கள் வழிகாட்டியிடம் மறுநாள் கேட்டுக்கொள்ளலாம்.