நாலு மாதக் கோல்டன் குட்டி 14 கிலோ: இன்னும் எவ்வளவு வளரும்?

கேள்வி: டாக்டர், எங்கள் வீட்டில் நாலு மாத ஆண் கோல்டன் ரெட்ரீவர் குட்டி இருக்கிறது. எடை 14 கிலோ. விற்றவர் "நல்லா தீனி போட்டா 45 கிலோ வரும்" என்று சொல்லிக் கொடுத்தார். பக்கத்து வீட்டிலும் அதே வயதில் ஒரு கோல்டன், அது 18 கிலோ, பார்க்கவே கொழுகொழு என்று இருக்கிறது. எங்களுடையது ஒல்லியாகத் தெரிகிறது. கடையில் பப்பி உணவோடு கால்சியம் சிரப்பும் கொடுத்தார்கள், மதியம் தயிர் சாதமும் முட்டையும் சேர்த்துப் போடுகிறோம். இவன் எவ்வளவு பெரிதாக வளர்வான், எப்போது வளர்ச்சி நிற்கும்? ஆறு மாதத்தில் கருத்தடை செய்துவிடலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். நாலு மாத ஆண் குட்டிக்கு 14 கிலோ நல்ல எடை, குறைவே கிடையாது. லாப்ரடார், கோல்டன் மாதிரியான பெரிய இன நாய்கள் நாலு மாதத்தில் தங்கள் முழு எடையில் ஏறக்குறைய பாதியைத் தொட்டுவிடும், ஆறு மாதத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. இந்தக் கணக்கில் உங்கள் பையன் 28லிருந்து 32 கிலோவுக்குள் வந்து நிற்பான். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், கணக்கு என்பது கணக்குதான், ஆனால் 45 வரமாட்டான், வரவும் கூடாது.

நம் ஊர் கெனல் கிளப் பின்பற்றும் தரக்குறிப்பில் கோல்டனுக்கு உயரம்தான் சொல்லியிருக்கிறது: ஆணுக்கு 56 முதல் 61 செ.மீ., பெண்ணுக்கு 51 முதல் 56. தலை வரைக்கும் அளக்கக் கூடாது, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் தோள் மேடு இருக்கிறதே, அங்கிருந்து தரை வரைக்கும். எடையை அமெரிக்கத் தரக்குறிப்பு சொல்கிறது, ஆணுக்கு 29 முதல் 34 கிலோ, பெண்ணுக்கு 25 முதல் 29. இது ஸ்காட்லாந்து மலைப்பகுதியில், குயிசாகன் என்ற பண்ணையில், 1868இல் பிறந்த ஒரு ஈற்றிலிருந்து வந்த இனம். சுட்டு விழுந்த பறவையைக் குளிர்ந்த தண்ணீருக்குள் நீந்திப் போய்க் கவ்வி வருவதற்காக, நாள் முழுக்க ஓடி நீந்துவதற்காக உருவாக்கிய நாய். அந்த உடம்பின் மேல் கூடுதலாகப் பத்து, பன்னிரண்டு கிலோவை ஏற்றிவிட்டு "எங்க நாய் எவ்வளவு பெருசு பாருங்க" என்று பெருமைப்படுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் ஆறேழு வயதில் அந்த நாய் எழுந்திருக்க முடியாமல் முனகுவதையும் நான்தான் பார்க்கிறேன்.

பாதம் பெரிதாக இருந்தால் நாயும் பெரிதாகும் என்பார்கள். நம்பாதீர்கள். குட்டிக்குப் பாதம் உடம்பை முந்திக்கொண்டு வளரும், அவ்வளவுதான். இன்னொன்றும் கேட்பார்கள்: முன்னங்காலில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே உருண்டையாகப் புடைப்பாக இருக்கிறதே, இது எலும்பு நோயா என்று. இரண்டு காலிலும் ஒரே மாதிரி, வலியில்லாமல், கால் நேராக இருந்தால் அது எலும்பு நீளமாகிக்கொண்டிருக்கும் இடம், வளர்ச்சித் தட்டு என்போம். அது மூடும்வரைக்கும் அங்கே இருப்பது குருத்தெலும்புதான், அடிபட்டால் தாங்காது. சரி, குட்டி எவ்வளவு பெரிதாகும் என்பதை ஓரளவு நம்பகமாகச் சொல்வது எது என்றால் தாயும் தகப்பனும். விற்றவரிடம் இரண்டின் எடையையும் கேளுங்கள், முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள்.

எப்போது நிற்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். உயரம் பெரும்பாலும் ஒன்பது, பத்து மாதத்துக்குள் வந்துவிடும், அதற்கு மேல் சிறிதளவு ஏறும். வளர்ச்சித் தட்டுகள் எல்லாம் மூடுவதற்கு ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயது வரை ஆகும். மார்பு அகலமாகி, தலை திரண்டு, கழுத்தில் முடி இறங்கி "முழு ஆள்" மாதிரித் தெரிவதற்கு இரண்டு வயதுகூட ஆகலாம். இடையில் ஏழெட்டு மாதத்தில் கால் மட்டும் நீண்டு, உடம்பு ஒடிசலாக, பார்க்கவே கோணல்மாணலாக ஒரு கட்டம் வரும். அப்போது எல்லா வீட்டிலும் பதறிப்போய்த் தீனியைக் கூட்டுவார்கள். கூட்டாதீர்கள்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் குட்டியின் எலும்பு எவ்வளவு நீளமாகும் என்பது பெரும்பாலும் பிறப்பிலேயே முடிவாகிவிட்டது, அதிகமாகப் போட்டு அதை நீட்ட முடியாது. தீனியால் மாறுவது வேகம். அதிகம் போட்டால் சீக்கிரம் அதே உயரத்துக்குப் போய்விடும், கூடவே கொழுப்பும் சேரும், இன்னும் குருத்தாக இருக்கும் மூட்டுகள் அந்தப் பாரத்தைச் சுமக்கும். கோல்டனுக்கு இடுப்பு மூட்டும் முன்னங்கால் முழங்கை மூட்டும் ஏற்கெனவே பலவீனமான இடங்கள். அமெரிக்காவில் ப்யூரினா நிறுவனம் 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை வைத்துப் பார்த்தது. ஒரே ஈற்றுக் குட்டிகளை ஜோடி சேர்த்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகத் தீனி, உணவு அதேதான். குறைவாகச் சாப்பிட்டவை சராசரியாக ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தள்ளித்தான் வந்தது. 2002இல் முடிவு வெளியானது. லாப்ரடார் கோல்டனுக்குப் பங்காளி இனம். இதைவிடத் தெளிவாக ஒரு விஷயத்தை நான் உங்களுக்குக் காட்ட முடியாது.

அடுத்தது அந்த கால்சியம் சிரப். இன்றே நிறுத்துங்கள். வளர்ந்த நாய்க்குக் கால்சியம் அதிகமாகப் போனால் குடல் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை வெளியே தள்ளிவிடும். சின்னக் குட்டிக்கு, முக்கியமாக முதல் ஆறு மாதம், அந்தச் சாமர்த்தியம் கிடையாது, நீங்கள் ஊற்ற ஊற்ற அதில் ஒரு பங்கு உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் குருத்தெலும்பு சரியான நேரத்தில் எலும்பாக மாறாது, மூட்டுக்குள் குருத்து பிளந்து வரும், முன்னங்கால் வளையும். 1980களிலேயே நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளை வைத்து இதைத் தெளிவாகக் காட்டிவிட்டார்கள். நாற்பது வருடம் ஆகியும் கடையில் குட்டி உணவு வாங்கினால் கூடவே ஒரு பாட்டிலை எடுத்து வைக்கிறார்கள். பப்பி உணவுப் பையில் தேவையான கால்சியம் ஏற்கெனவே இருக்கிறது. "லார்ஜ் ப்ரீட் பப்பி" என்று எழுதிய வகையாகப் பார்த்து வாங்குங்கள், அதில் கால்சியத்தை ஒரு அளவுக்குள் வைத்திருப்பார்கள்.

இதைப் படிக்கிற இன்னொரு வீட்டில் பை உணவே கொடுக்காமல் வெறும் சிக்கனும் சாதமும் போட்டுக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கும் இது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எலும்பில்லாத கறியிலும் சாதத்திலும் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். அந்தக் குட்டிக்கு உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவி எடுக்கும். எலும்பு காகிதம் மாதிரி ஆகி, சோபாவிலிருந்து குதித்ததற்கே கால் முறிந்து தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்குக் கால்சியம் கட்டாயம் வேண்டும், ஆனால் எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் குட்டியின் எடையையும் தினசரி உணவையும் பார்த்து மருத்துவர் கணக்குப் போட்டுத் தர வேண்டும். காலை வெயிலில் விட்டால் வைட்டமின் டி கிடைத்துவிடும் என்பதும் நாய் விஷயத்தில் சரியில்லை, நம்மைப் போல அதன் தோல் போதுமான அளவு தயாரிக்காது, உணவிலிருந்துதான் வர வேண்டும்.

உங்கள் வீட்டுத் தயிர் சாதத்துக்கு வருவோம். வெயில் காலத்தில் இரண்டு ஸ்பூன் தயிர், வாரத்தில் இரண்டு மூன்று அவித்த முட்டை, தாராளமாகக் கொடுங்கள். ஒரு தட்டு சாதம் வேண்டாம். பை உணவைத் தவிர நீங்கள் கொடுக்கும் எல்லாம், பிஸ்கட் துண்டும் சப்பாத்தி ஓரமும் சேர்த்து, அன்றைய உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஆறு மாதம் வரை மூன்று வேளை, அப்புறம் இரண்டு வேளை. பையில் போட்டிருக்கும் அளவு ஒரு தொடக்கம் மட்டும்தான், கூட்டுவதா குறைப்பதா என்பதைக் குட்டியின் விலா எலும்பு சொல்லும்.

எப்படி என்றால், உங்கள் இடது கையை விரல் நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க மேஜைமேல் வையுங்கள். வலது விரல்களால் புறங்கையில், விரல்கள் தொடங்கும் முட்டிகளுக்குச் சற்று கீழே தடவிப் பாருங்கள், லேசாக ஒரு மூடலுக்குள் எலும்பு தெரியும். குட்டியின் விலாவில் அதே மாதிரி கைக்குப் பட்டால் சரியான உடம்பு. கையை முஷ்டியாக மடக்கினால் முட்டி எப்படிக் குத்துமோ, விலா அப்படிக் குத்தினால் ஒல்லி. உள்ளங்கைப் பக்கம் தடவுவது மாதிரி எலும்பே தெரியாமல் மெத்தென்று இருந்தால் கொழுப்பு. கோல்டனுக்கு முடி அதிகம், கண்ணால் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள், விரலை முடிக்குள் விட்டுத்தான் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு கொஞ்சம் ஒடுங்கித் தெரிய வேண்டும். பக்கத்து வீட்டு 18 கிலோக் குட்டியையும் இப்படித் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், விலா கைக்குப் பட்டால் அது பெரிய உடல்வாகு, படவில்லை என்றால் அவர்கள்தான் தீனியைக் குறைக்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் தராசில் ஏறி, அப்புறம் நீங்கள் மட்டும் ஏறிக் கழித்தால் போதும். இந்த வயதில் வாரம் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்குள் ஏறினால் திருப்தி. ஆறு மாதத்தில் 20 கிலோ வாக்கில் இருப்பான், ஒன்பது மாதத்தில் 25, 26, அதற்குப் பிறகு வேகம் தானாகக் குறையும். எடை ஏறும் கோடு சீராகப் போகிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது. இரண்டு, மூன்று வாரம் அப்படியே நின்றால், வயிறு மட்டும் உப்பி முதுகு எலும்பு தெரிந்தால், மலம் இளகிக்கொண்டே இருந்தால், முதலில் குடல் புழுவைச் சந்தேகப்படுங்கள், மலப் பரிசோதனை செய்து மருந்து கொடுங்கள். நொண்டினால், இரண்டு பின்னங்காலையும் சேர்த்து முயல் மாதிரித் தத்தி ஓடினால், படுத்து எழும்போது தடுமாறினால், வளர்கிற வலி, போய்விடும் என்று விடாதீர்கள். ஓரிரு நாளில் சரியாகாவிட்டால் காட்டுங்கள். மனிதருக்கான வலி மாத்திரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், புரூஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

டைல்ஸ் தரை பற்றி ஒரு வார்த்தை. பளபளவென்ற தரையில் நாலு காலும் வழுக்கி விரிய விரிய ஓடும் குட்டியைப் பார்த்துச் சிரிப்போம், இடுப்புக்கு அது நல்லதில்லை, ஓடும் பாதையில் ரப்பர் பாயோ பழைய ஜமக்காளமோ போடுங்கள். மண் தரையில், புல்லில், தன் இஷ்டத்துக்கு விளையாடட்டும். நார்வேயில் பெரிய இனக் குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வில் முதல் மூன்று மாதத்தில் மாடிப்படி ஏறி இறங்கியவற்றுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகமாகவும், மேடுபள்ளமான மென்மையான தரையில் அவிழ்த்து விட்டவற்றுக்குக் குறைவாகவும் இருந்தது. பைக்கின் பின்னால் ஓட விடுவது, காரிலிருந்து குதிக்க விடுவது இதெல்லாம் ஒன்றரை வயதுக்கு அப்புறம். திருப்பூர் வெயிலில் நடை காலை ஏழு மணிக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும்.

கடைசியாக, கருத்தடை. ஆறு மாதத்தில் வேண்டாம். பாலின ஹார்மோன்தான் வளர்ச்சித் தட்டு மூடுவதற்குச் சொல்லும் சமிக்ஞை. முன்கூட்டியே எடுத்துவிட்டால் கால் எலும்பு கூடுதல் காலம் வளர்ந்துகொண்டிருக்கும், மூட்டு அதற்கேற்பப் பொருந்தாமல் போகலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 759 கோல்டன்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள், ஒரு வயதுக்கு முன் கருத்தடை செய்த ஆண்களில் இடுப்பு மூட்டுக் கோளாறு 10 சதவீதம், செய்யாதவற்றைவிட இரண்டு மடங்கு. ஆகவே ஆணுக்கு ஒரு வயது தாண்டட்டும், ஒன்றரை வயது வரை பொறுத்தாலும் தவறில்லை. பெண் குட்டி என்றால் கணக்கு வேறு, கர்ப்பப்பைச் சீழ், பால்மடிக் கட்டி எல்லாவற்றையும் சேர்த்துப் பேச வேண்டும். உங்கள் பையனுக்கு இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இரண்டு விதைகளும் பைக்குள் இறங்கிவிட்டனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் ஒன்று இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே நின்றுவிட்டால், பின்னாளில் அது புற்றுக்கட்டியாக மாறும் வாய்ப்பு அதிகம். அப்போது அறுவை சிகிச்சை வேண்டுமா என்ற யோசனை போய், எந்த மாதத்தில் செய்வது என்பதை மட்டும் அவரோடு பேசி முடிவு செய்ய வேண்டியிருக்கும்.