பிட்காயின் கோரில் துப்புரவு: தேவையற்றதாகத் தெரியும் வரியை நீக்கும் முன்

கேள்வி: எனக்கு சி++ தெரியும். பிட்காயின் வலையமைப்பில் ஒரு கணினியை நோடாக (பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் உறுப்பாக) இயக்கும் பிட்காயின் கோர் மென்பொருளில் மாறிகளின் பெயர் மாற்றம், நீண்ட ஃபங்ஷனைப் பிரிப்பது, இருமுறை நடக்கும் ஒரு சோதனையை நீக்குவது ஆகிய மூன்றையும் ஒரே புல் ரிக்வெஸ்டாக (மாற்றத்தைச் சேர்க்கும்படி கேட்கும் விண்ணப்பமாக) அனுப்பினேன். பிரித்து அனுப்பச் சொல்லி மூடிவிட்டார்கள். எப்படிப் பிரிப்பது?

பதில்: மூன்றையும் ரிவியூ செய்யும் விதம் வேறு வேறு. அதனால் மூன்றும் தனித்தனியே போக வேண்டும்.

பெயர் மாற்றத்தைக் கையால் செய்யாதீர்கள். கமிட்டின் (கிட்டில் பதிவாகும் ஒரு மாற்றத்தின்) தலைப்பை 'ஸ்கிரிப்டட்-டிஃப்' என்று தொடங்கி, மாற்றத்தைச் செய்யும் 'செட்' (sed, உரையில் தேடி மாற்றும் கருவி) கட்டளையைக் கமிட் செய்திக்குள்ளேயே, அதற்கென உள்ள தொடக்க, முடிவு வரிகளுக்கு நடுவில் எழுதுங்கள். சிஐ (தானாகச் சோதனைகளை ஓட்டும் அமைப்பு) அந்தக் கட்டளையை முந்தைய கமிட்டின் மேல் ஓட்டி, விளைவு உங்கள் கமிட்டோடு அப்படியே பொருந்துகிறதா என்று பார்க்கும். எத்தனை கோப்பு மாறினாலும் ரிவியூவர் கவனிக்க வேண்டியது அந்தக் கட்டளையைத்தான். சொல் எல்லையைக் குறிக்காவிட்டால் நீளமான பெயர்களுக்குள்ளும் மாற்றம் புகுந்துவிடும். கையால் ஒரேயொரு இடைவெளியைத் திருத்திச் சேர்த்தாலும் சோதனை தோற்கும். மேக்கில் உள்ள 'செட்' லினக்ஸில் உள்ளதைப் போல நடக்காது. க்னூ பதிப்பை நிறுவிக்கொள்ளுங்கள்.

ஃபங்ஷனைப் பிரிக்கும்போது முதல் கமிட்டில் வரிகளை இடம் மட்டும் மாற்றுங்கள். உள்ளே எதையும் தொடாதீர்கள். கிட் டிஃப்பின் 'கலர்-மூவ்ட்' தெரிவு நகர்ந்த வரிகளைத் தனி நிறத்தில் காட்டிவிடும். திருத்தம் அடுத்த கமிட்டில் வரட்டும். ஒவ்வொரு கமிட்டும் தனியாக பில்ட் ஆகி டெஸ்ட்களைத் தாண்ட வேண்டும். இல்லையென்றால் பின்னாளில் பைசெக்ட் செய்து (கமிட்களைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய்) பிழை தேடுபவர் நடுவழியில் மாட்டிக்கொள்வார்.

சோதனையை நீக்கும் மூன்றாவது வேலைதான் ஆபத்தானது. பழைய உதாரணம் ஒன்று: ஒரு பரிவர்த்தனை ஒரே உள்ளீட்டை இருமுறை செலவழிக்கிறதா என்ற சோதனையை, பிளாக்கைச் சரிபார்க்கும் இடத்தில் மட்டும் 2016-ல் தவிர்த்தார்கள். பின்னால் யுடிஎக்ஸ்ஓ (இன்னும் செலவாகாத நாணயங்களின் பட்டியல்) கட்டத்தில் எப்படியும் பிடிபடும், வேகமும் கூடும் என்பது காரணம். 0.14 பதிப்பில் அப்படிப்பட்ட பிளாக் வந்தால் அசெர்ட் (நிபந்தனை பொய்யானால் நிரலை நிறுத்தும் வரி) தோற்று நோடு விழுந்துவிடும். 0.15-ல் யுடிஎக்ஸ்ஓ சேமிப்பு முறை மாறியது. அதன்பின், முந்தைய பிளாக்கில் உருவான நாணயமாக இருந்தால் அந்த அசெர்ட்டும் தடுக்காது: செலவானதாகக் குறித்த பதிவு கேஷிலேயே (cache, தற்காலிக நினைவகத்திலேயே) இருப்பதால் இரண்டாவது செலவும் நிறைவேறிவிடும், இல்லாத நாணயம் பிறந்துவிடும். பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2018-17144 என்று பதிவான இந்த ஓட்டையை 2018 செப்டம்பரில் 0.16.3 அடைத்தது. மெம்பூலில் (பிளாக்கில் சேரக் காத்திருக்கும் பரிவர்த்தனைகளின் தொகுப்பில்) சோதனை அப்படியே இருந்ததால், இதைப் பயன்படுத்தத் தானே பிளாக் தோண்டும் மைனரால்தான் முடியும்.

ஆகவே நீங்கள் நீக்க நினைக்கும் வரியை உங்கள் கணினியில் நீக்கிவிட்டு யூனிட் டெஸ்ட், ஃபங்ஷனல் டெஸ்ட் இரண்டையும் ஓட்டுங்கள். எதுவும் தோற்கவில்லை என்றால் வரி வேண்டாதது என்று எண்ணிவிடாதீர்கள். அதைக் காக்கும் டெஸ்ட் இல்லை என்றும் இருக்கலாம். அந்தச் சோதனை தடுக்க வேண்டிய தவறான பிளாக்கை ரெக்டெஸ்டில் (உங்கள் கணினியிலேயே இயங்கும் சோதனை வலையமைப்பில்) உருவாக்கி நோடுக்கு அனுப்பும் டெஸ்டை எழுதுங்கள். அந்த டெஸ்டை மட்டும் முதலில் அனுப்புங்கள். உங்கள் மூன்று வேலைகளைவிடவும் அதற்கே மதிப்பு அதிகம். கன்சென்சஸ் (எந்த பிளாக் செல்லும் என்று எல்லா நோடுகளும் ஒரே மாதிரி முடிவு செய்யும் விதிகள்) பகுதியில் வேகத்துக்காக மட்டும் ஒரு சோதனையை எடுக்கவே வேண்டாம்.